முற்றிய நுரையீரல் புற்றுநோயும் கதிர்ச் சிகிச்சையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் முற்றிய புற்றுநோயுடன் இருப்பவர்களின் வீடுகளுக்கு நோவு தணிப்புப் பராமரிப்புக்காகப் போய்வரும் தாதி நான். நுரையீரல் புற்றுநோய்க்காரருக்குக் கதிர்ச் சிகிச்சை சொல்லப்பட்டதும் குடும்பத்தில் எழும் ஐயங்கள் அநேகமாக ஒரே மாதிரியானவை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே தொகுத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பரிசோதித்த புற்றுநோய் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே இந்தப் பக்கம்.

கரண்ட் பிடிக்கிறது எண்டால் மின்சாரமோ உடம்புக்குள்ள விடுகினம்?

இல்லை. சாதாரண எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு சக்தி கூடிய கதிர்களைக் கட்டி உள்ள இடத்துக்கு மட்டும் குறிவைத்துச் செலுத்துவதே, பேச்சு வழக்கில் 'கரண்ட் பிடிப்பது' எனப்படும் கதிர்ச் சிகிச்சை. அந்தக் கதிர்கள் புற்றுக் கலங்களின் மரபுப் பொருளைச் சிதைப்பதால், அவை பெருக முடியாமல் நாளடைவில் அழிகின்றன. நோயாளி ஒரு கட்டிலில் அசையாமல் சில நிமிடங்கள் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நோவோ சூடோ தெரியாது. கொடுக்கப்படும் அளவைக் 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள்.

வெளியிலிருந்து செலுத்தப்படும் இந்தக் கதிர் உடம்பில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்தவரின் மடியில் பேரப்பிள்ளை இருக்கலாம், அவருடைய கோப்பையில் மற்றவர்கள் குடிக்கலாம். இதைக் கேள்விப்படாமல் தகப்பனைத் தனி அறையில் ஒதுக்கி வைத்த வீடுகள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இதால வருத்தம் மாறுமோ?

நோய் நுரையீரலைத் தாண்டி எலும்பு, மூளை, ஈரல் போன்ற இடங்களுக்குப் பரவிய பின், அதாவது நாலாம் கட்டத்தில், இந்தச் சிகிச்சை நோயை முற்றாக மாற்றுவதற்காகக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் கட்டி உண்டாக்கும் குறிப்பிட்ட ஒரு தொல்லையைக் குறைப்பதே நோக்கம். எனவே முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டியது, 'எந்தத் தொல்லைக்காகப் பிடிக்கிறீர்கள்?' என்பதுதான். அதற்கு ஒரு தெளிவான விடை இருக்க வேண்டும்.

எல்லாத் தொல்லைக்கும் பலன் ஒரே அளவில் கிடைக்காது. சளியுடன் இரத்தம் வருவதை இது மிக நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. நெஞ்சு நோவும் எலும்பு நோவும் பெரும்பாலானோருக்குக் குறைகின்றன. இருமலும் இளைப்பும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. குறிப்பாக, நெஞ்சுக்குள் நீர் கட்டியதால் வரும் இளைப்புக்கு நீரை எடுப்பதே வழி. கதிர்ச் சிகிச்சை அதற்கு உதவாது.

எங்கட ஆக்கள் எங்க போகவேணும்? காசு கட்டவேணுமோ?

வன்னியிலிருந்து பலர் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கும், சிலர் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் அனுப்பப்படுகின்றனர். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். நெஞ்சு நோவோடு இருப்பவருக்கு ஏ9 வீதிப் பேருந்துப் பயணமே பெரும் பாடு. போகும்போது கிளினிக் கொப்பி, சீ.ரி. ஸ்கான் படங்கள், தசைப் பரிசோதனை (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்த பரிசோதனை) அறிக்கை, இப்போது குடிக்கும் மருந்துகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். ஓர் அறிக்கை குறைந்தாலும் இன்னொரு முறை போய்வர நேரலாம். அளவெடுத்துத் திட்டமிடுவதும் சிகிச்சையும் ஒரே நாளில் முடியுமா, தங்கிச் சிகிச்சை பெற வார்டில் இடம் உண்டா என்பவற்றை முன்கூட்டியே கேட்பது நல்லது.

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு ஆறு கிழமை பிடிச்சவை. எங்கட அப்பாவுக்கு ஒரே ஒரு நாள்தான் எண்டினம். கைவிட்டிட்டினமோ?

இல்லை. ஆறு கிழமைச் சிகிச்சை பெரும்பாலும் நோய் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் நிலையில், மாற்றும் நோக்கத்துடன், 60 கிரே அளவை 30 தடவைகளாகப் பிரித்துக் கொடுப்பது. பரவிய நோயில் நோக்கம் வேறாகையால் அளவும் வேறு. ஒரே தடவையில் 8 அல்லது 10 கிரே, ஒரு கிழமை இடைவெளியில் 8.5 கிரே வீதம் இரண்டு தடவை, 5 தடவைகளில் 20 கிரே, 10 தடவைகளில் 30 கிரே என்பன வழக்கிலுள்ள முறைகள்.

தடவைகள் குறைவென்றால் பலனும் குறைவு என்று நினைப்பது இயல்பே. ஆனால் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1991 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு தடவை பெற்றவர்களுக்கும் பத்துத் தடவை பெற்றவர்களுக்கும் தொல்லை குறைந்த அளவிலோ வாழ்ந்த காலத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. படுக்கையில் அதிக நேரம் கழிக்கும், உடல் மெலிந்த நோயாளிக்கு ஒரே நாளில் சிகிச்சையை முடித்து வீட்டுக்கு அனுப்பும் வைத்தியர் அவரைக் கைவிடவில்லை. மிச்சமுள்ள நாட்களை வீதியிலும் வாங்கிலும் செலவிடவிடாமல் காப்பாற்றியிருக்கிறார் என்பதே என் எண்ணம். பத்து நாள் எழுதப்பட்டு, போய்வருவது உங்களுக்கு ஏலாது என்றால், 'ஒன்று அல்லது இரண்டு தடவையில் முடிக்க முடியுமா?' என்று கேட்கத் தயங்காதீர்கள். அது மரியாதைக் குறைவல்ல.

சரி, இது பிடிச்சால் எவ்வளவு காலம் கூட இருப்பார்?

எல்லோருடைய மனத்திலும் முதலில் எழுந்து, வாயிலிருந்து கடைசியாக வரும் கேள்வி இது. நேரான பதில்: பெரும்பாலானோருக்கு ஆயுள் கூடுவதில்லை. உடல்நிலை நன்றாக உள்ள சிலருக்குச் சிறிது கூடலாம்.

நல்ல உடல்நிலையில் இருந்தவர்களை மட்டும் சேர்த்து, அதே சபை 1996 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு தடவைகளில் 17 கிரே பெற்றவர்களில் பாதிப் பேர் 7 மாதங்களையும், 13 தடவைகளில் 39 கிரே பெற்றவர்களில் பாதிப் பேர் 9 மாதங்களையும் கடந்தனர். ஓராண்டு கடந்தோர் முறையே 31, 36 வீதம். 13 ஆய்வுகளிலுள்ள 3473 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்த 2008 ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஏறத்தாழ இதையே காட்டியது: கூடிய அளவு பெற்றோரில் 26.5 வீதமும், குறைந்த அளவு பெற்றோரில் 21.7 வீதமும் ஓராண்டு உயிருடன் இருந்தனர். அதே வேளை விழுங்கும்போது நோவு வந்தவர்களும் கூடிய அளவு பெற்ற பக்கத்திலேயே அதிகம். 2015 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 14 ஆய்வுகளை மறுபடி கவனமாக எடைபோட்டு, நீண்ட சிகிச்சை ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று முடிவு கூறியது.

இங்கே 'நல்ல உடல்நிலை' என்பது தெளிவான பொருளுடையது. தானாக நடந்து, குளித்து, சாப்பிட்டு, பகல் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுபவரே அதற்குள் அடங்குவார். பாதிக்கு மேல் படுத்திருப்பவருக்கு இந்த எண்கள் பொருந்தா. இன்னொன்று: '9 மாதம்' என்றால் உங்கள் தகப்பனுக்கு 9 மாதம் என்று பொருளல்ல. நூறு பேரில் ஐம்பது பேர் அதற்கு முன்பே போயிருப்பார்கள், ஐம்பது பேர் அதற்குப் பிறகும் இருந்திருப்பார்கள். நாள் குறித்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. மாதங்களா, கிழமைகளா, நாட்களா என்ற அளவில் மட்டுமே சொல்ல முடியும். அதை நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள்.

மாமாவுக்குக் கரண்ட் பிடிச்சு மூண்டாம் கிழமை ஆள் போயிட்டார். அதுதானே கொண்டது?

துக்கத்தில் எழும் இந்தச் சந்தேகம் குடும்பங்களைப் பல ஆண்டுகள் வருத்துவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நெஞ்சுக்குக் கொடுக்கும் குறைந்த அளவுச் சிகிச்சை மூன்று கிழமையில் உயிரைப் பறிப்பது மிக அரிது. நோவு திடீரெனக் கூடுகிறது, இரத்தம் வருகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. அதனால்தான் அவர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். நோய் வேகமாக மோசமாகும் கட்டத்திலேயே சிகிச்சை கொடுக்கப்படுவதால், சிகிச்சையும் இறப்பும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னால் வந்தது பின்னால் வந்ததற்குக் காரணம் என்றாகாது.

இதே தவறு எதிர்ப்பக்கத்திலும் நடக்கிறது. 'பத்து நாளும் பிடிச்ச ஆள் ஒண்டரை வருசம் இருந்தவர், ஒரு நாள் பிடிச்சவர் ரண்டு மாசத்தில போயிட்டார்' என்று கிளினிக் வாங்கில் பேசிக்கொள்வார்கள். பத்து நாளும் போய்வரத் தெம்புள்ளவருக்கே பத்து நாள் எழுதப்படுகிறது. இடையில் நிலை மோசமானவர்கள் பத்தை முடிப்பதே இல்லை. ஆக, முடித்தவர்கள் நீண்ட காலம் இருந்ததற்கு முக்கிய காரணம் அவர்கள் தொடக்கத்திலேயே தெம்பாக இருந்தது. இந்தக் குழப்பத்தை நீக்கத்தான், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன. முந்திய பதிலில் நான் தந்த எண்கள் அத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்தவை.

நோ ஒண்டும் இல்லையாம், பிறகு பாப்பம் எண்டு திருப்பி அனுப்பிட்டினம். இப்பவே பிடிச்சால் நல்லதல்லோ?

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சில் பெரிய தொல்லை எதுவும் இல்லாத 230 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனடியாகவும், மற்றவர்களுக்குத் தொல்லை தொடங்கிய பின்னரும் கொடுத்த பிரித்தானிய ஆய்வு 2002 இல் வெளிவந்தது. வாழ்ந்த காலம் 8.3 மாதமும் 7.9 மாதமுமாக, ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நெஞ்சுக் கதிர்ச் சிகிச்சை கடைசிவரை கொடுக்கப்படவே இல்லை. எனவே திருப்பி அனுப்பியது அலட்சியமல்ல. ஆனால் காத்திருப்பதென்றால் கவனித்திருப்பதும் சேர்ந்ததுதான்: சளியில் இரத்தக் கோடு, புதிய நோவு, முகவீக்கம் ஏதேனும் தெரிந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை இருக்காமல் அறிவியுங்கள்.

பிடிச்ச அண்டைக்கு இரவே நடுங்கிக் காய்ச்சல் வந்தது. ஏதும் பிழை நடந்ததோ?

ஒரே தடவையில் பெரிய அளவு நெஞ்சுக்குக் கொடுக்கும்போது, அன்று மாலையோ இரவோ நடுக்கம், காய்ச்சல், நெஞ்சில் இறுக்கம் வருவது பலருக்கு உண்டு. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும், பரசிற்றமோல் போதும். மறுநாளும் காய்ச்சல் நின்றாலோ, இளைப்புக் கூடினாலோ கிட்டிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பல தடவைகளாகப் பிடிப்பவர்களுக்கு இரண்டாம் கிழமையளவில் விழுங்கும்போது நெஞ்சுக்குள் எரியும். உணவுக் குழாய் கதிர் படும் வழியில் இருப்பதே காரணம். சில கிழமைகளில் அது மாறும். அதுவரை உறைப்பும் புளியும் இல்லாத, ஆறிய, மென்மையான சாப்பாடு கொடுக்க வேண்டும்: பாற்கஞ்சி, குழையவிட்ட சோறும் பருப்பும், இடியப்பத்துக்குச் சொதி, முட்டைக் கோப்பி ஆறவைத்து. களைப்பு பெரும்பாலானோருக்கு உண்டு. தலைக்குப் பிடித்தால் மட்டுமே தலைமயிர் கொட்டும். தோலில் போட்ட அடையாளம் சிகிச்சை முடியும் வரை அழியக்கூடாது. கிணற்றில் குளிக்கலாம், ஆனால் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கவோ, எண்ணெய் பூசவோ வேண்டாம்.

இடுப்பெலும்பு நோவுக்குப் பிடிச்சு நாலு நாள் ஆச்சு, நோ கூடியிருக்கு. மோபினை நிப்பாட்டலாம் எண்டுதான் நினைச்சனாங்கள்.

கடும் நோவுக்கான மருந்தாகிய மோபினை இப்போது நிறுத்த வேண்டாம். எலும்புக்குப் பிடித்த பலன் தெரிய ஒன்று முதல் நாலு கிழமை வரை எடுக்கும். முதல் சில நாட்களில் நோவு தற்காலிகமாகக் கூடுவதும் தெரிந்த விடயமே. சிலருக்கு அதற்காக, வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெதசோன் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். நோவு குறைந்த பிறகு மோபினின் அளவை வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார்.

எலும்பு நோவில் ஒரே தடவை 8 கிரே கொடுப்பதும் பல தடவைகளாகக் கொடுப்பதும் நோவைக் குறைப்பதில் சமம் என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. இரண்டிலும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு நோவு குறைகிறது. வேறுபாடு ஒன்றுதான்: ஒரு தடவை பெற்றவர்களில் சுமார் 20 வீதத்தினருக்கும், பல தடவைகள் பெற்றவர்களில் சுமார் 8 வீதத்தினருக்கும் பின்னர் மறுபடி பிடிக்க நேர்கிறது. மோபினைப் பற்றி இன்னொரு சொல்: அது கடைசி மருந்து அல்ல, ஆயுளைக் குறைக்க எழுதப்படுவதும் அல்ல. குறைந்த அளவில் அது இளைப்பையும் தணிக்கும். மலச்சிக்கலுக்கான மருந்தைக் கூடவே தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு முதுகில செல் பீஸ் இருக்கு. கரண்ட் பிடிக்க ஏலுமோ?

ஏலும். 2009 வரையான போரில் உடம்பில் தங்கிய சன்னங்களோடும் செல் துண்டுகளோடும் வாழ்பவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர் இருப்பதால், இது இங்கே அடிக்கடி வரும் கேள்வி. கதிர்ச் சிகிச்சைக் கதிரால் அந்த உலோகம் அசையாது, வெடிக்காது. திட்டமிடும் சீ.ரி. படத்தில் அது கீற்றுக் கீற்றாக நிழல் விழுத்தும், அதை ஒட்டிய இடத்தில் கதிரின் அளவு சற்று மாறும். முன்பே தெரிந்தால் அதைக் கணக்கில் எடுத்துத் திட்டமிடுவார்கள்.

எம்.ஆர்.ஐ. வேறு விடயம். அது வலுவான காந்தத்தால் இயங்குவது. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே இரும்புத் துண்டு இருந்தால் ஆபத்து நேரலாம். அதனால் எம்.ஆர்.ஐ. எழுதப்படும்போதே சொல்ல வேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சீ.ரி. ஸ்கானுக்கு மாற்றுவார்கள். காயத்தைப் பற்றிச் சொல்லப் பயந்து மறைப்பவர்கள் உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணங்களும் உண்டு. ஆனால் ஸ்கான் எடுப்பவருக்குத் தேவையானது துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டுமே. எங்கே, எப்படிப் பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காலுக்கு வலு இல்லை எண்டு ரண்டு நாளாச் சொல்லுறார். புதன்கிழமை கிளினிக் வருதுதானே?

காத்திருக்க வேண்டாம்; இன்றே கொண்டுபோங்கள். கால் தளர்வு, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போதல், சலம் போக முடியாமை, நடுமுதுகில் பட்டி கட்டியது போன்ற நோவு ஆகியவை முள்ளந்தண்டு நரம்பைப் புற்றுக்கட்டி நெரிப்பதன் அறிகுறிகள். நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானோர் தொடர்ந்து நடப்பார்கள். கால்கள் முற்றாக விழுந்து இரண்டு நாள் கடந்தால் மீள்வது அரிது. கதிர்ச் சிகிச்சையில் நேரம் உண்மையாகவே முக்கியமாகும் இடம் இது.

முகமும் கழுத்தும் வீங்கி, கழுத்து நாளங்கள் புடைத்து, படுத்தால் மூச்சு முட்டுவதும் அவசரமே. இருமலில் நிறைய இரத்தம் வந்தால், எந்தப் பக்க நுரையீரலில் கட்டி உள்ளதோ அந்தப் பக்கம் கீழே வருமாறு சரித்துப் படுக்க வைத்து உடனே கொண்டுபோங்கள்; கடும் நிறத் துவாய் ஒன்றைக் கைக்கெட்டவே வைத்திருந்தால், அதில் இரத்தம் அவ்வளவாகத் தெரியாததால் நோயாளியின் பயம் குறையும்.

மூளைக்குப் பரவிட்டுதாம். தலைக்குப் பிடிச்சால் காப்பாத்தலாமோ?

538 பேரைச் சேர்த்து 2016 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சத்திர சிகிச்சையோ, கட்டியை மட்டும் மிக நுட்பமாகக் குறிவைக்கும் நுண்குறிக் கதிர்ச் சிகிச்சையோ செய்ய முடியாதவர்களில், முழுத் தலைக்கும் பிடித்தவர்களையும் டெக்ஸாமெதசோனும் பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. வாழ்ந்த காலம் 9.2 கிழமையும் 8.5 கிழமையுமே, வாழ்க்கைத் தரத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எனவே படுக்கையில் இருப்பவரை முழுத் தலைச் சிகிச்சைக்காக வாகனம் பிடித்துக் கொண்டுபோகுமாறு நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. வயது குறைந்தவர், நல்ல தெம்புள்ளவர், ஒன்றிரண்டு சிறு கட்டிகள் மட்டும் உள்ளவர் ஆகியோரின் கதை வேறு; அவர்களுக்காக வைத்தியருடன் விரிவாகப் பேசுங்கள்.

அப்ப, நாலாம் கட்டம் எண்டால் ஆயுளைக் கூட்ட ஒண்டுமே இல்லையோ?

அப்படியல்ல. ஆயுளைக் கூட்டக்கூடியவை பெரும்பாலும் மருந்துகள். கட்டியில் ஈ.ஜீ.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் குளிசையே போதுமானதாகி, மாதங்கள் அல்ல, வருடங்கள் வாழ்ந்தவர்களும் உண்டு. புகைக்காத ஆசியப் பெண்களில் இந்த மாற்றம் அதிகம். 'அம்மா பீடியே குடிக்கேல்ல, இது எப்படி வந்தது?' என்று கேட்கும் பிள்ளைகள் இந்தப் பரிசோதனையைப் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

சிறுகலப் புற்றுநோய் என்ற வேறு வகையில், இரசாயன மருந்துக்குக் கட்டி சுருங்கிய பின் நெஞ்சுக்கு 10 தடவைகளில் 30 கிரே கொடுத்தபோது, இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தோர் 3 வீதத்திலிருந்து 13 வீதமாகக் கூடினர் என 2015 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. முதல் ஆண்டில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே தசைப் பரிசோதனை அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருப்பது இவ்வளவு முக்கியம்.

நாட்டு மருந்தும் பத்தியமும் சேர்த்துச் செய்யலாமோ?

கதிர் பிடிக்கும் நாட்களில் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. குறைந்தது, எதைக் குடிக்கிறார் என்பதை வைத்தியருக்குச் சொல்லுங்கள். மீன், முட்டை, பால் எல்லாம் நிறுத்தும் பத்தியம் ஏற்கெனவே மெலிந்தவரை இன்னும் மெலிய வைக்கும். அவர் விரும்பிக் கேட்பதைக் கொடுங்கள்.

வருத்தத்தின்ர பேரைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகலாமோ?

அவர் கேட்காவிட்டால் நீங்களாகத் திணிக்க வேண்டியதில்லை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள். தெல்லிப்பழைக்குப் போய் அந்தப் பிரிவின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பெரும்பாலானோருக்கு விளங்கிவிடுகிறது. பிறகு அவர் தன் பயத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கத் தொடங்குகிறார். காணி எழுதுவது, வெளிநாட்டிலுள்ள மகனை வரச் சொல்வது போன்ற வேலைகளைச் செய்ய அவருக்கும் காலம் வேண்டும்.

அவரே இனி வேண்டாம் எண்டுறார். நாங்கள் விட்டால், நாங்களே கொண்ட மாதிரி இல்லையோ?

இல்லை. ஆயுளைப் பற்றி முன்னே தந்த எண்களை மறுபடி பாருங்கள்: பெரும்பாலானோரின் ஆயுள் இந்தச் சிகிச்சையை நம்பி நிற்கவில்லை. மறுப்பதற்கு முன் அவர் எதை மறுக்கிறார் என்று மட்டும் விசாரியுங்கள். பயணத்தையா, மறுபடி ஸ்கான் எடுப்பதையா, கடந்த முறை வந்த காய்ச்சலையா? பயணம்தான் காரணம் என்றால் ஒரு தடவைச் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். சிகிச்சையே வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை.

கதிர்ச் சிகிச்சையை நிறுத்தினால் பராமரிப்பு நிற்காது. 2010 இல் வெளிவந்த, பொஸ்டன் நகரில் 151 நோயாளிகளைச் சேர்த்த ஆய்வில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே வழமையான புற்றுச் சிகிச்சையுடன் நோவு தணிப்புப் பராமரிப்பையும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதங்களையும், அது இல்லாதவர்களில் பாதிப் பேர் 8.9 மாதங்களையும் கடந்தனர். முன்னவர்கள் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றிருந்தார்கள். ஆகவே கிளினிக்கை விட்டு விலகாமல், மோபினும் மற்ற மருந்துகளும் தீர முன்பே கிட்டிய வைத்தியசாலையில் எடுத்து வையுங்கள். இரவில் நோவோ இளைப்போ கூடினால் யாரை அழைப்பது, எந்த வாகனத்தில் போவது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்கும்படி எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.